இல்லாத வீட்டின் வரைபடம்

(கச்சிராயபாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஊரையும் நாட்டையும் இழந்த ஓவியர்கள் எதை வரைகிறார்கள், ஏன் அதை வரைகிறார்கள் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஓவியத்துக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பட்டா என்றால் என்னவென்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று எல்லாம் உங்களுக்குத் தெரியும். சர்வே எண் ஒன்று மாறிப்போனால் எத்தனை முறை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். நிலம் ஒருவருக்கு உரியது என்பதைத் தாள்தான் சொல்கிறது. நிலமும் போய், வீடும் இடிந்து, தாளும் எரிந்துபோன மனிதர், அது தன்னுடையது என்று எதை வைத்துச் சொல்வார்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஓர் ஓவியர் ஒரு நூலையே உருவாக்கியிருக்கிறார். அவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தா. சனாதனன். நூல் 2011இல் வெளிவந்தது. பெயர் 'முற்றுப்பெறாத தோம்பு'. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் இலங்கையை ஆண்ட காலத்தில் ஊர் ஊராக எழுதிவைத்த நிலப்பதிவேடுதான் தோம்பு.

நூலுக்குள் போவதற்கு முன் இரண்டு தேதிகளை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1990 அக்டோபர் 30. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த மாதம் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளம் பக்கம் போய்க் குடிசை போட்டார்கள். அவர்களில் பலர் முப்பது ஆண்டு கழிந்தும் திரும்பவில்லை.

1995 அக்டோபர் 30. சரியாக ஐந்து ஆண்டு கழித்து அதே நாள். இலங்கை ராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்கியது. மக்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் காலியானது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மழையில் நனைந்தபடி செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். சைக்கிளில் கட்டியது பாதி, வழியில் போட்டது பாதி. முதியவர்களும் குழந்தைகளும் அந்தச் சாலையிலேயே இறந்தார்கள். சில மாதங்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனார்கள். அங்கிருந்து சிலர் மன்னார் கடல் வழியாக நம் ராமேஸ்வரம் கரைக்கு வந்தார்கள். கொழும்பு வழியாகக் கனடா, பிரான்சு, இங்கிலாந்து என்று போனவர்கள் வேறு.

இந்த இரண்டு தேதிகளையும் ஒரே மூச்சில் சொல்ல நம் மேடைகளில் பலர் தயங்குவார்கள். ஒன்றைப் பேசுபவர் மற்றொன்றை விட்டுவிடுவார். சனாதனன் விடவில்லை. அவர் நூலில் தமிழர் வீடும் முஸ்லிம் வீடும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. அந்த நூலை நான் பெரிதாக மதிப்பதற்கு இது முதல் காரணம்.

யாழ்ப்பாணத்து ஓவியம் என்று பேசும்போது அ. மாற்கு அவர்களை வணங்காமல் மேலே செல்ல முடியாது. 1933இல் பிறந்தவர். கொழும்பில் ஓவியம் கற்று ஊர் திரும்பி, பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து, ஒரு தலைமுறைக்கே நவீன ஓவியத்தைக் கற்றுக்கொடுத்தார். யாழ்ப்பாணத்து நண்பர்களும் மாணவர்களும் சேர்ந்து 1987இல் 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலரை அவருக்காக வெளியிட்டார்கள். ஊர் போரில் எரிந்துகொண்டிருந்த காலத்தில் ஓர் ஓவிய ஆசிரியருக்கு மலர் போடுவதென்றால் அந்தச் சமூகம் அவரை எவ்வளவு மதித்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 1995 இடப்பெயர்வில் அவரும் வீட்டைவிட்டுப் போனார். வாழ்நாள் முழுக்க வரைந்ததில் பெரும்பகுதி அந்த இடப்பெயர்வுகளில் அழிந்தது. யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வெளியே, இடம்பெயர்ந்தவராகவே, 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

கவிஞர் ஓடும்போது கவிதையை மனத்தில் வைத்துக்கொண்டு ஓடலாம். பாடகருக்குக் குரல் கூடவே வரும். ஓவியருடைய வேலை சட்டத்தில் அடித்த துணியாக, தாளாக, பலகையாகச் சுவரில் தொங்குகிறது. ஷெல் விழுந்தால் எரியும். கூரை போனால் மழையில் ஊறும். கறையான் அரிக்கும். சைக்கிளில் ஏற்ற இடம் இருந்தால் அரிசியையும் பிள்ளையையும்தான் ஏற்றுவார்கள். ஈழத்தில் மாற்குவுக்கு நேர்ந்தது அங்கிருந்த பல ஓவியர்களுக்கும் நேர்ந்தது. அந்த மண்ணின் நவீன ஓவிய வரலாற்றை எழுத உட்காருபவர் படங்களைத் தேடும் முன் இல்லாத படங்களின் பட்டியலைப் போட வேண்டியிருக்கிறது. எஞ்சியது மாற்கு உருவாக்கிய மாணவர்கள்தாம்.

1969இல் பிறந்த சனாதனன் அடுத்த தலைமுறை. தில்லியில் ஓவியம் படித்தார், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார், யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கிறார். நாடு கடந்து போனவர் அல்லர் அவர். ஆனால் சொந்த ஊருக்குள்ளேயே அகதியாக வாழ்ந்த சமூகத்தின் ஓவியர். தோம்பு நூலுக்காக அவர் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களைத் தேடிப் போனார். உங்கள் துயரத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. நீங்கள் விட்டுவந்த வீட்டை வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் நூலில் மூன்று படங்கள். முதலாவது, வீட்டை இழந்தவர் தம் கையாலேயே நினைவிலிருந்து போட்ட தளப்படம். ஓவியம் பழகாத கை. கோடு நடுங்கும், அளவு பிசகும். இரண்டாவது, அதே படத்தைக் கட்டடக் கலைஞர் ஒருவர் நேர்க்கோடுகளாலும் முறைப்படியான குறிகளாலும் திருத்தி வரைந்தது. வீடு கட்ட அனுமதி கேட்டு ஊராட்சி அலுவலகத்தில் நாம் கொடுப்போமே, அந்த மாதிரியான வரைபடம். மூன்றாவது, அந்த வீட்டைப் பற்றி அவர்கள் சொன்னதைக் கேட்டுச் சனாதனன் உலர் வண்ணக் கோல்களால் வரைந்த ஓவியம். இப்படி எண்பது வீடுகள். கூடவே வீட்டுக்காரர் சொன்னது சில வரிகள். முழு நூலும் அரசு அலுவலகக் கோப்பைப் போல அமைக்கப்பட்டிருக்கிறது.

இந்த மூன்றில் பார்ப்பவரை உடனே இழுப்பது மூன்றாவது படம். எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது. ஒரு கிழவி நடுங்கும் கையால் போட்ட கோட்டை ஒரு கட்டடக் கலைஞர் உட்கார்ந்து அளவுபடுத்தி வரைகிறார் என்றால், அவள் சொல்வது உண்மை, அங்கே வீடு இருந்தது என்று தொழில் தெரிந்த ஒருவர் கையெழுத்திடுகிறார் என்று பொருள். இழந்தவரின் நினைவைக் கதையாகக் கேட்டு உச்சுக்கொட்டுவது எளிது. அதை ஆவணமாக ஏற்பது வேறு. இலங்கை அரசின் பதிவேட்டிலிருந்து அழிந்தது இந்தப் பதிவேட்டில் ஏறியது. எந்த நீதிமன்றத்திலும் இது செல்லாது. ஆனால் இனி அந்த இடத்தில் காடுதான் இருந்தது, ராணுவ முகாம்தான் இருந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வலிகாமம் வடக்கில் 1990இல் உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்ட நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இருபது, முப்பது ஆண்டு நலன்புரி முகாமில் கிடந்தார்கள். சிறிது சிறிதாக நிலம் விடுவிக்கப்பட்டபோது, தங்கள் வீடு எங்கே இருந்தது என்பதற்குக் கிணற்றைத் தவிர வேறு அடையாளம் இல்லாமல் தேடியவர்கள் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு இந்த நூலைப் பார்த்தால் கை நடுங்கும்.

இந்த நூலைப் பற்றிப் படித்த பிறகு, வங்கக்கடல் ஓரத்தில் உள்ள ஓர் ஈழ அகதிகள் முகாமில் வசிக்கும் பெரியவர் ஒருவரிடம் நானும் கேட்டுப் பார்த்தேன். 1990இல் படகில் வந்தவர். தாளையும் பேனாவையும் கொடுத்தேன். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து தொடங்கட்டுமே என்று நினைத்து, "ஐயா, தெருவிலிருந்து உள்ளே வருகிற மாதிரி போடுங்களேன்" என்றேன்.

"இல்லைத் தம்பி. அப்பிடிக் கீறினாப் பிழைச்சுப் போகும். கிணத்தடியில இருந்துதான் தொடங்கோணும்" என்றார்.

"ஏன் ஐயா?"

"வீட்டுக்கு முதல் கிணறுதானே வெட்டினது. அப்பு வெட்டினவர்."

தாளின் நடுவில் ஒரு வட்டம் போட்டார். அதை ஒட்டித் துலா. துலாவுக்குப் பின்னால் தோடை மரம். அங்கிருந்து குசினி, அதாவது சமையலறை. குசினிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு முற்றம். பிறகு மூன்று அறை, முன் விறாந்தை, வாசல் கதவான படலை. வளவைச் சுற்றி வேலி. வேலியில் எந்த மூலையில் உயிர்வேலிக் கதியால் பட்டுப்போய்ப் புதிதாக நட்டார்கள் என்பதையும் ஒரு குறி போட்டுக் காட்டினார். எல்லாம் முடிந்தது என்று பேனாவைக் கீழே வைத்தவர், மறுபடி எடுத்து வேப்பமரத்தடியில் ஆங்கில 'எல்' எழுத்து வடிவத்தில் ஒன்றைப் போட்டார். "பங்கர். நானும் தம்பியும் வெட்டினது. அதையும் போடத்தானே வேணும்."

முகாமிலேயே பிறந்து, பக்கத்து அரசுப் பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தி தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மப்பா, இவ்ளோ பெரிய வீடா நம்மளுது?" என்று கேட்டாள். அவர்கள் உட்கார்ந்திருந்தது பத்துக்குப் பத்து அடி அறையில்.

அந்தத் தாளில் கிணறு வீட்டின் கூடத்தைவிடப் பெரிதாக இருந்தது. கட்டடக் கலைஞர் அதைத் திருத்திவிடுவார். ஓவியர் திருத்த மாட்டார். நினைவு தனக்கு எது பெரிதோ அதைப் பெரிதாக வரைகிறது. குகையில் மாட்டைப் பெரிதாகவும் மனிதனைச் சிறிதாகவும் தீட்டியவனும், பனைமலைக் கோயில் சுவரில் உமையை வரைந்த பல்லவர் காலத்துக் கலைஞனும் அதே முறையில்தான் அளவு போட்டார்கள். உயிருக்கு எது பெரிதோ அதுவே அளவுகோல்.

இங்கே நான் சற்று உறுதியாகவே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஈழத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் வரையப்படும் படங்களைப் பத்திரிகை அட்டைகளிலும், சுவரொட்டிகளிலும், மாணவர் ஓவியப் போட்டிகளிலும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். முள்கம்பி, தலையில்லாப் பனை, குழந்தையை ஏந்திய தாய், சிவப்புச் சாயம். வரைந்த ஒவ்வொரு கைக்கும் அன்பு உண்டு, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்தத் தாய்க்கு ஊர் கிடையாது. எந்தத் தெரு, எந்த வீடு, அந்த வீட்டில் அம்மிக்கல் எந்தப் பக்கம் கிடந்தது என்று அந்தப் படம் சொல்வதில்லை. அவள் வெறும் சின்னமாகிவிடுகிறாள். ஒரு மக்களை அழித்தவர்கள் முதலில் செய்தது அவர்களின் வீட்டு எண்ணை அழித்ததுதான். நாமும் அவர்களை எண்ணில்லாத, பெயரில்லாத கூட்டமாகவே வரைந்துகொண்டிருந்தால் அந்த வேலையில் நமக்கும் பங்கு வந்துவிடும்.

ஈழத்து இளைய ஓவியர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். 1990இல் பிறந்த ஜாஸ்மின் நிலானி ஜோசப் போரில் இடம்பெயர்ந்து வவுனியாவில் வளர்ந்தவர். அவர் பேனாவால் வேலிகளை வரைகிறார். யாழ்ப்பாணத்தாருக்கு வேலி என்பது சாதாரணப் பொருள் இல்லை. பூவரசும் கிளுவையும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ கட்டி, ஆண்டுதோறும் பிரித்து அடைப்பார்கள். அடைக்கும்போது ஓரடி தள்ளி நட்டுவிட்டதாக அண்ணன் தம்பிக்குள் வழக்குப் போகும். போர் வந்த பிறகு அதே வேலி முள்கம்பியாயிற்று, தகரமாயிற்று, ராணுவத்தின் மண் அணையாயிற்று. எதை வேலியாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்தே அந்த இடத்தின் காலத்தைச் சொல்லிவிடலாம். அவர் படங்களில் ரத்தம் இல்லை. ஓலைக்கு ஓலை, கம்பிக்குக் கம்பி போட்ட பேனாக்கோடுகள்தாம். மலையகத்திலிருந்து வந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையே வண்ணமாக்கித் தோட்டத் தொழிலாளர் வாழ்வை வரைகிறார். தோட்டத்துக் கைகள் பறித்த இலையின் கறை அது. வேறு எந்த வண்ணமும் அவருக்கு இவ்வளவு சொந்தமாக இருந்திருக்காது.

நம் நாடும் ஓர் ஓவியரை வெளியேற்றியிருக்கிறது. எம். எஃப். உசேன். 1915இல் பண்டரிபுரத்தில் பிறந்தவர். பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பசியாற்றியவர். இந்து தெய்வங்களை வரைந்த முறை புண்படுத்துகிறது என்று 1996 முதல் அவர்மேல் வழக்குகளும் தாக்குதல்களும் தொடர்ந்தன. 2006இல் நாட்டைவிட்டு வெளியேறினார். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது கடந்திருந்தது. 2008 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அவர்மேல் இருந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல். அவர்தான் பிறகு சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக வந்து, 2016 ஜூலையில் பெருமாள்முருகன் வழக்கிலும் எழுத்தாளருக்குப் பக்கமாகத் தீர்ப்பளித்தார். கல்வராயன் மலையைத் தாண்டி, சேலத்தைத் தாண்டினால் பெருமாள்முருகனுக்கு எதிர்ப்பு எழுந்த திருச்செங்கோடு. அது தொலைவில் நடந்த கதை இல்லை. பெருமாள்முருகன் மறுபடி எழுத வந்தார். உசேன் திரும்பவில்லை. நீதிமன்றம் வழி திறந்தது, ஆனால் வந்தால் தமக்குக் காப்பு இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்குப் பிறக்கவில்லை. 2010இல் கத்தார் குடியுரிமை பெற்று, இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். 2011 ஜூன் 9 அன்று லண்டனில் இறந்தார். இங்கிலாந்திலேயே அடக்கம் செய்தார்கள். இதை நம் நாட்டின் தோல்வி என்றே நான் கருதுகிறேன். அவர் படங்களைப் பிடிக்காதவர்களும் அப்படிக் கருதலாம்.

அந்தக் கடைசி ஆண்டுகளில் அவர் வரைந்தது எது என்று பாருங்கள். இந்திய நாகரிகத்தைப் பற்றி, மூன்று மூன்று பலகைகள் சேர்ந்த பெரும் ஓவிய வரிசை. நடனங்கள், திருவிழாக்கள், நகரங்கள், வண்டி வாகனங்கள். அதில் ஒன்று இந்தியக் குடும்பங்களின் வீடுகள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2014இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. திரும்ப முடியாத நாட்டின் வீட்டுக்குள் மக்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்பதை அந்த வயதில் தூரிகையால் நினைவுகூர்ந்துகொண்டிருந்தார்.

உசேனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயார் இறந்துவிட்டார். தாயின் முகம் அவருக்கு நினைவில் இல்லை. பின்னாளில் அன்னை தெரசாவை வரிசையாக வரைந்தபோது நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை இருக்கும், குழந்தையை ஏந்தும் கை இருக்கும், முகம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். நாட்டை இழப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இழப்பை வரையக் கற்றுக்கொண்ட கை அது. தெரியாததைத் தெரிந்த மாதிரி வரையாமல் வெறுமையாக விட்டார். நாடிழந்த ஓவியருக்குத் தேவையான நேர்மையும் இதுவே. நினைவில் இருப்பதைக் கிணறளவு பெரிதாக வரையலாம், இல்லாததை இட்டு நிரப்பக் கூடாது.

நிரப்பத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மார்க் சகால் ஒரு பாடம். இன்றைய பெலாரசில் உள்ள வித்தெப்ஸ்க் என்ற நகரில் 1887இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதி பிரான்சில் கழிந்தது. 97 வயதுவரை அந்த ஊரையே வரைந்துகொண்டிருந்தார். மரவீடுகள், பசு, கூரைமேல் பிடில் வாசிப்பவன், ஆகாயத்தில் பறக்கும் காதலர். 1973இல் சோவியத் அரசின் அழைப்பில் மாஸ்கோவுக்கும் லெனின்கிராடுக்கும் வந்தார். வித்தெப்ஸ்க்குக்கு மட்டும் போகவில்லை. இரண்டாம் உலகப் போரில் அந்த ஊர் பெரும்பாலும் தரைமட்டமாகியிருந்தது. அவர் வளர்ந்த யூதச் சமூகம் கொல்லப்பட்டிருந்தது. தான் வரைந்த ஊரைக் காப்பாற்றிக்கொள்ள, இருக்கும் ஊரைப் பார்க்காமலே திரும்பினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் சகாலின் ஊர் மேலே மேலே மிதந்துபோய்க் கனவாகிவிட்டது. தோம்பின் வீடுகள் தரையில் நிற்கின்றன. இடம்பெயர்ந்த மக்களுக்கு இப்போது வேண்டியது தரையில் நிற்கும் வீடு என்பதே என் கட்சி.

இத்தனை தூரம் போய்வந்த பிறகு உங்கள் ஊருக்கு வருகிறேன். கோமுகி அணையில் நின்று பார்த்தால் தெரியும் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தாங்கள் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் கரியராமன் என்ற தெய்வமே புறப்பட்டுவிட்டது, அதைத் தேடிப் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று உடன்பிறந்தார் கிளம்பி, ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்கள் என்பது கதை. வரலாற்று ஆய்வாளர் இதை எப்படி எடுத்துக்கொண்டாலும், எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும் விட்டுவந்த ஊரின் பெயரை ஒரு மக்கள் மறக்கவில்லை என்பதே எனக்குப் போதுமான உண்மை. அவர்களுடைய மலையோ 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சொந்த மண்ணில் குடியிருந்தும் தாளில் பெயர் இல்லாமல் வாழ்வது எப்படி என்பதை அந்த மலையில் உள்ள முதியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கீழ்நாட்டுக் கதையும் இருக்கிறது. கள்ளக்குறிச்சி அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. தென்னார்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிப் பல்லாயிரம் பேர் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டார்கள். யாரிடமும் உனக்கு எது ஊர் என்று கேட்கவில்லை. இங்கே வந்தவர்களை நாம் 'சிலோன்காரர்' என்றோம். அங்கே 'கள்ளத்தோணி' என்று கேட்ட காதுகள் அவை. 1983 முதல் போருக்குத் தப்பி வந்தவர்கள் வேறு. தமிழ்நாடு அரசு 2021இல் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே 34,087 பேர். இவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். அதாவது, இங்கிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள். பாட்டன் பிறந்த மண்ணில் அகதி அட்டையோடு வாழ்கிறார்கள். 2019இல் திருத்திய நம் குடியுரிமைச் சட்டத்திலும் அவர்களுக்கு இடம் இல்லை.

இந்தச் சபையில் பள்ளி ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். ஓவிய ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடித்துக்கொள்கிறேன்.

சேலம், விழுப்புரம், திருவண்ணாமலை என்று நமக்கு எட்டும் தூரத்திலேயே முகாம்கள் இருக்கின்றன. 1983இலும் 1990இலும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்கள் போய்விட்டால் அந்த வீடுகளின் கதவு எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. உரிய அனுமதி பெற்று, நல்ல தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மாணவர்களோடு போங்கள். சாவைப் பற்றியும் போரைப் பற்றியும் முதலில் கேட்காதீர்கள். வீட்டை வரைந்து தரச் சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்குகிறார்களோ அங்கிருந்தே தொடங்கவிடுங்கள். மரங்களின் பெயரை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முகாமில் பிறந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர் என்றால் அந்த லயத்தின் ஒற்றை அறையையும் அதே மதிப்போடு வாங்குங்கள். கல்வராயன் மலைக்கும் போங்கள். அங்கே பழைய குடியிருப்பு மாறிய குடும்பங்களிடமும் இதையே கேளுங்கள். படத்தின் ஒரு நகலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, மற்றொன்றை நம் கிளை நூலகத்தில் கோப்பாகக் கட்டி வையுங்கள். பக்கத்து ஊர்ப் பொறியியல் மாணவர் யாராவது அளவுப்படம் போட்டுத் தந்தால் இன்னும் நல்லது. அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு யாரை அழைத்தாலும், அன்று இந்த மண்டபத்தின் சுவரில் அந்தப் படங்களை மாட்டி வைத்து, வரைந்தவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.